விருந்தினராய் இருக்கும் தொண்டு

நுழையும்முன்

பிறர்க்கு உதவும்பொருட்டுக் கடல்கடந்து செல்வோரைப் போற்றுகிறோம். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்து, மொழியும் வழக்கமும் கற்பிக்கும் குடும்பங்களை எண்ணிப் பார்க்கிறோமா? தொண்டில் கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

அறியாதவராய் ஒரு மாலை

நேபாளத்தின் மலைச்சிற்றூர் ஒன்றிற்கு ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் அமெரிக்க இளைஞர் ஒருவரை மனத்தில் கொள்வோம். பட்டம் பெற்றவர், வகுப்பு நடத்தும் பயிற்சியும் உடையவர். எனினும், தாம் தங்கும் வீட்டில் முதல்நாள் மாலை அவர் ஏதும் அறியாத குழந்தைபோல் ஆகிறார். பருப்பும் சோறுமான தால்பாத்தை வலக்கையால் உண்ண முயன்று சிந்துகிறார். தம் தட்டில் மிகுந்ததை அன்போடு பிறருக்கு நீட்டுகிறார், வீட்டார் திகைக்கின்றனர். வாய்பட்ட உணவை அவர்கள் 'ஜுட்டோ' என விலக்குவர். நாம் எச்சில் என்பதே அது. மூத்தவளைத் 'தீதி' என்றும் இளையவளைப் 'பஹினி' என்றும் உறவுமுறை சொல்லி அழைக்க வேண்டும் என்பதையும் அவர் அறியார். இவற்றையெல்லாம் அவருக்குக் கற்பிப்பவர் பேராசிரியர் அல்லர். அவ்வீட்டுச் சிறுமியே ஆசிரியை ஆகிறாள்.

கற்பிக்க வந்தவர் கற்பவராகும் இந்த இடமாற்றமே அயல்நாட்டுத் தொண்டின் முதற்படி என்பது என் கருத்து.

வீடே பள்ளி

இக்கருத்துக்கு வரலாறும் துணைநிற்கிறது. அமெரிக்கரான டொனால்டு வாட் 1932இல் பன்னாட்டு வாழ்வியல் பட்டறிவுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். அயல்நாட்டை அறிய விரும்பும் இளைஞர், அந்நாட்டுக் குடும்பம் ஒன்றின் உறுப்பினர்போல் வாழவேண்டும் என்பது அவ்வமைப்பின் நெறியாயிற்று. அதன்வழி இளமையில் ஜெர்மனி சென்றுவந்த சார்ஜண்ட் ஷ்ரைவர், 1961இல் உருவான பீஸ் கோர் என்னும் அமெரிக்கத் தொண்டர் அமைப்பின் முதல் இயக்குநரானார். அவ்வமைப்பின் தொண்டர்கள் 1962இல் நேபாளத்தில் பணி தொடங்கினர். பணிக்கு முந்தைய பயிற்சிக் காலத்தை உள்ளூர்க் குடும்பத்தோடு கழிப்பது இன்று அவ்வமைப்பின் பொதுவழக்கம்.

ஆயினும், தொண்டரின் நல்லெண்ணம் ஒன்றே போதுமா? 1968இல் மெக்சிகோவில், உதவும் நோக்கோடு வந்திருந்த அமெரிக்க மாணவர்களிடையே சிந்தனையாளர் இவான் இல்லிச் உரையாற்றினார். அம்மக்களின் மொழியையும் வாழ்வையும் அறியாமல் உதவ முற்படுவது, தம் வாழ்க்கைமுறையை அவர்கள்மீது திணிப்பதாகவே முடியும் என்று அவர் கடிந்துரைத்தார். அவர் உரையில் உண்மை உண்டு. ஆனால், அதற்கு விடை ஊருக்குத் திரும்பிவிடுவது அன்று. விருந்தினராய் இருக்கக் கற்றுக்கொள்வதே ஆகும். வீட்டாரோடு தண்ணீர் சுமந்தவர்க்கே அவ்வூருக்கு வேண்டுவது கிணறா, குழாயா, சாலையா என்பது புலப்படும். விடுதியில் தங்கித் திட்டம் வரைபவர்க்கு அது புலப்படாது.

அடுக்களையின் உழைப்பு

குடும்பங்களுக்குத் தங்கும் செலவு கொடுக்கப்படுகிறதே, பிறகு கைம்மாறு எதற்கு என்று சிலர் வினவலாம். அரிசிக்கு விலை உண்டு. காய்ச்சலுற்ற அயலாரின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்ததற்கு விலை ஏது? அவ்வுழைப்பின் பெரும்பகுதியைச் சுமப்பவர் அவ்வீட்டுப் பெண்ணே. விருந்தினர் வந்தபின் விறகும் தண்ணீரும் கூடுதலாய் வேண்டும், பாத்திரங்கள் பெருகும், சொந்த வீட்டிலேயே பேச்சையும் நடமாட்டத்தையும் அளந்துகொள்ள நேரும். தொண்டரின் பணிநாள்களை எண்ணும் அறிக்கைகள், இந்த உழைப்பையும் எண்ண வேண்டும்.

எனவே, தொண்டு நிறுவனங்கள் மூன்றினைச் செய்தல் நன்று. விருந்தினரை ஏற்குமுன் இல்லத்தலைவரிடம் மட்டுமன்றிச் சமைக்கும் பெண்ணிடமும் இசைவு பெறவேண்டும். வருபவரின் பழக்கவழக்கங்களைக் குடும்பத்தார்க்கும் முன்னரே எடுத்துரைக்க வேண்டும். பணி முடிந்தபின் தொண்டரைப் பற்றிய குடும்பத்தின் மதிப்பீட்டையும் கேட்டுப் பதிய வேண்டும். தொண்டரும் தம் தட்டைத் தாமே கழுவுவதில் தொடங்கலாம்.

நிறைவாக

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்னும் பொருளும் உண்டு. புதியவராய் வந்தவரை வீட்டார் தம்முள் ஒருவராக்கிக் கொள்கின்றனர். ஊதியம் கருதாமல் பிறர்க்கு உழைப்பதே தொண்டு எனில், அவ்வூரில் முதல் தொண்டர் விமானத்தில் வந்திறங்கியவர் அல்லர். அவருக்கு அடுப்பேற்றிச் சோறாக்கிய பெண்ணே ஆவார். நாளை அயல்நாட்டுக்கு உதவச் செல்லும் இளைஞர், தம் பெட்டியில் கொண்டுசெல்லும் நூல்களோடு, பெற்றுக்கொள்ளும் பணிவையும் உடன் கொண்டுசெல்லல் வேண்டும். பெறத் தெரிந்தவரின் கொடையே பெறுபவரைத் தாழ்த்தாது.