தாய்மை என்னும் சாக்கு

எங்கள் பக்கத்து மேடைகளில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு வாக்கியம் எனக்கு அலுத்துவிட்டது. அலுப்பைத் தாண்டி இப்போது கோபமாகவும் ஆகிவிட்டது. "இவர்கள் தெய்வக் குழந்தைகள், இவர்களைப் பெற்ற தாய்மார்கள் நடமாடும் தெய்வங்கள்" என்பதுதான் அது. சொன்னவர் போர்த்திய சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விடுகிறார். நடமாடும் தெய்வங்கள் பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ராசிபுரம் பஸ்ஸுக்கு நிற்கின்றன.

ஒருத்தியைத் தெய்வம் என்று சொல்லிவிடுவதில் பெரிய சௌகரியம் இருக்கிறது. தெய்வத்துக்கு லீவு தரவேண்டியதில்லை. இடுப்பு வலிக்கிறதா என்று கேட்கவேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிட்டதா, ராத்திரி தூங்கிற்றா என்ற கவலையும் இல்லை. கற்பூரம் காட்டினால் போதும்.

நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று. அதற்கு எத்தனையோ காலம் முன்பே அது லாரி ஊர். தூரதேசம் போகிற லாரிக்கு ஒரு டிரைவர் போதாது, மாற்று டிரைவர் ஒருவர் வேண்டும் என்பதை இந்த ஊரில் பள்ளிக்கூடப் பையனும் அறிவான். ஒருவனே ராப்பகலாக ஓட்டினால் எங்கே போய் மோதுவான் என்பதும் தெரியும். கோழிக்கு நோய் வந்தால் பார்க்க 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முட்டை விலை பத்திரிகையில் வருகிறது. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. உழைத்துச் சம்பாதித்த பெருமைகள். ஆனால் இருபது வருஷம், இருபத்தைந்து வருஷம் ஒற்றை ஆளாக ஒரு பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைக்கிறவளுக்கு ஒரு மாற்று ஆள் வேண்டாமா என்று இத்தனை கணக்குத் தெரிந்த ஊர் ஏன் யோசிக்கவில்லை?

தகப்பன் எங்கே என்று கேட்பீர்கள். பாதித் தகப்பன்மார் போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ இருக்கிறார்கள். மிச்சப் பேர் பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்தில், சேகோ மில்லில், கொலுசுப் பட்டறையில். சம்பாத்தியம் அவசியம்தான். ஆனால் வீட்டில் இருக்கிற நாளிலும் பிள்ளையின் மலத்தை அள்ளுகிற தகப்பனை நான் அதிகம் பார்த்ததில்லை. திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிற சாமி பாதி ஆண், பாதி பெண். படியேறிப் போய்க் கும்பிடுகிறவர்கள் அந்தப் பாதியைக் கீழே கொண்டுவருவதில்லை.

பாரத்தோடு பழியும் அவளுக்குத்தான். டூஷென் என்ற தசைச்சிதைவு நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்குவது. ஓடித் திரிந்த பையன் பத்துப் பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவான். இது தாய் வழியாக வரலாம் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமியார் அதைப் பிடித்துக்கொள்கிறாள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தாயிடம் அந்தக் குறையே இல்லாமல் புதிதாக நேர்வது என்ற பாக்கி வாக்கியத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்று இரண்டு சகோதரிகள். இருவருக்கும் சிறு வயதிலேயே தசைச்சிதைவு. 2009இல் அவர்களே ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தம்மைப் போன்றவர்களைத் தேடிப்போய்ச் சிகிச்சையும் துணையும் கிடைக்கச் செய்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 'தன்னம்பிக்கை' என்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கையைத் தூக்கப் பிறர் துணை தேவைப்பட்ட இரண்டு பெண்கள் இந்த வேலையைச் செய்யும்வரை, கை கால் திடமாக இருந்த நாமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன், அது பொய். 2010இல் 'மாற்றுத்திறனாளி' என்று கௌரவமான பெயர் கொடுத்தார்கள். 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்கும் துணைக்கு வருகிறவருக்கும் டிக்கெட் இல்லை என்றார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாத உதவியை 2023 ஜனவரியில் 2,000 ரூபாய் ஆக்கினார்கள். 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க ஜில்லாதோறும் கலெக்டர் தலைமையில் குழு உண்டு. 2016ஆம் வருஷச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை இருபத்தொன்றாக்கிற்று. அதன் 24ஆவது பிரிவு கவனித்துக்கொள்கிறவருக்கான படியையும் பேசுகிறது. ஆனால் அதே பிரிவின் தலைவாசலில், 'பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்ற பொருள்படும் ஒரு வாசகம் காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உலக வங்கிக் கடனில் வந்த புதிய சேவை மையங்களுக்கு 'விழுதுகள்' என்று பெயர். அழகான பெயர். அங்கே பயிற்சி தருகிறார்கள், நல்ல காரியம். பயிற்சி ஒரு மணி நேரம். பாக்கி இருபத்து மூன்று மணி நேரம் யாருடையது?

ராசிபுரம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இருக்கிறார். தறி நெய்கிறவர். மகனுக்கு மூளை முடக்குவாதம், வயது இருபத்து நாலு. அம்மாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. ஆபரேஷன் இலவசம், ஆஸ்பத்திரியும் தூரமில்லை.

"நா படுத்துட்டா இவன ஆருங்க தம்பி தூக்கறது?" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். அவரே சொன்னார்: "எனக்கு ஒரு நா முன்னாடி இவம் போயிரோணும்னுதானுங்க கும்படறன்."

பெற்ற தாய் ஒருத்தியை இப்படிக் கும்பிட வைத்திருக்கிற ஊருக்குத் தாய்மையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

"அம்மா செய்வதுதானே, இதற்குக் கூலியா?" என்கிறவர்கள் நம் நாட்டில் மட்டும் இல்லை. பிரிட்டனில் 1976இல் கவனிப்பவர்களுக்கு உதவித்தொகை தொடங்கியபோது, கல்யாணமான பெண்களுக்கு மட்டும் கிடையாது என்றார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில் இருக்கிறவர்கள்தானே என்பது நியாயம்! தாயாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் வழக்காடி, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல்தான் அந்தக் கதவு திறந்தது. அங்கேயே பத்து வருஷம் பிடித்திருக்கிறது.

நான் கேட்பது மாளிகை அல்ல. ஒன்றியத்துக்கு ஒரு வீடு. பத்துப் பிள்ளைகளைப் பகலில் விட்டுவைக்கவும், தாய்க்கு ஆபரேஷன் என்றால் மூன்று வாரம் இராத் தங்க வைக்கவும், பழகிய ஆட்கள் சம்பளத்துக்கு இருக்கிற வீடு. சம்பளத்துக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிறந்த நாளன்று வந்து பாயசம் ஊற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற புண்ணியவான்களை நம்பி இதை நடத்த முடியாது. அவர்கள் வருகிற நாளில் மூன்று சாப்பாடு வந்துவிடுகிறது. வராத நாளில் பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லை.

இப்படி ஓர் இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களின் பயம் நியாயமானது. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் கருகினார்கள். ஆனால் குடும்பங்கள் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது ஏன்? ஊருக்குப் பக்கத்தில், கண்காணிப்போடு, கௌரவமாக விட ஓர் இடம் இல்லாததால்தான். ஒன்றியத்து வீடு என்றால் தாய் நினைத்த நேரத்தில் போய் எட்டிப் பார்க்கலாம். அதுதான் முதல் காவல்.

தாயைப் பிரிந்தால் பிள்ளை ஏங்கிப்போகும் என்பார்கள். ஏங்கும்தான். இரண்டு நாள் ஏங்கி, மூன்றாம் நாள் இன்னொருவர் கையால் சாப்பிடும். அந்தப் பழக்கம் அவள் உயிரோடு இருக்கும்போது வரட்டும். அவள் பக்கத்தில் நின்று, இவனுக்குச் சோறு குழைவாக வேண்டும், இடது பக்கமாகச் சாய்த்துத்தான் ஊட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க முடியும். அவள் போன பிறகு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கிராம சபை கூடுகிற நாட்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த கூட்டத்தில் தெருவிளக்கு, சாக்கடைக்கு அடுத்தபடியாக இந்த வீட்டையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். 'தாய்மார்கள் கோருகிறார்கள்' என்று ஆரம்பிக்க வேண்டாம். போர்வெல் வண்டியிலிருந்து ஊருக்கு வந்திருக்கிற அப்பன்மார் முதல் கையெழுத்தைப் போடட்டும்.