லெப்டொப் வாங்கப் போகிற பிள்ளைகளுக்கும், காசு கட்டப் போகிற வாப்பாமாருக்கும்

கொஞ்சம் காரமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதுமாணிக்குப் பதிந்த கையோடு பிள்ளை லெப்டொப் கேட்கிறது. கேட்பதில் பிழையில்லை. பிழை நம்மிடம். "வாங்குறதெண்டா புதுசா வாங்கு, பாவிச்ச சாமான் நமக்கு வேணாம்" என்று உம்மாவின் காப்பை அடகு வைத்து, மீதிக்குத் தவணை போட்டு, கேமிங் லெப்டொப் வாங்கிக் கொடுக்கிறோம். ஜும்ஆவில் வட்டியைப் பற்றிய பயானுக்குத் தலையாட்டிய நாம், தவணைப் படிவத்தில் வட்டி எவ்வளவு என்று கேட்டோமா?

அந்தப் பிள்ளை அதில் செய்யப்போவது என்ன? பிடிஎப் வாசிப்பது, ஆய்வுக் கட்டுரை அடிப்பது, சூமில் விரிவுரை கேட்பது, இருநூறு வினாக்கொத்தின் தரவை எஸ்பிஎஸ்எஸ்ஸில் போடுவது. இதற்குக் கிராபிக்ஸ் கார்ட் எதற்கு? இரண்டு கிலோவுக்கு மேல் பாரத்தை ஒலுவிலுக்கும் பேராதனைக்கும் பஸ்ஸில் சுமக்கவா?

திங்க்பேட், லெட்டிடியூட், எலைட்புக் எல்லாம் கம்பனிகள் சில வருடம் பாவித்துக் கழிக்கிறவை. கீபோர்ட் உறுதி, பல மொடல்களில் ரெம்மும் எஸ்எஸ்டியும் மாற்றலாம். இன்று 8 ஜிபியோடு வாங்கி, காசு சேரும்போது 16 ஆக்கலாம். (மெல்லிய மொடல் சிலதில் ரெம் போர்டோடு ஒட்டியிருக்கும். கேட்டு வாங்குங்கள்.)

கடைக்காரத் தம்பிமாரே, "ஐ7 சேர், அதுதான் ஸ்ட்ரோங்" என்று எத்தனை பேரை ஏமாற்றுவீர்கள்? ஏழாம் தலைமுறை ஐ7-7500யூவில் 2 கோர்தான். எட்டாம் தலைமுறை ஐ5-8250யூவில் 4 கோர். அந்தப் பழைய ஐ7 விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓடு முடிந்துவிட்டது. குறையை மறைத்து விற்பதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கணினி படிக்கிற பிள்ளைக்கு ஜிபியு வேண்டுமே என்பார்கள். கூகுள் கொலேப் ஓரளவு இலவசமாகத் தருகிறது. போதாவிட்டால் முதலில் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள், கடையில் இல்லை.

பள்ளி நிர்வாகங்களே, பழைய மாணவர் சங்கங்களே! 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறியது. சம்பளம் அப்படி ஏறவில்லை. ஜேர்சிக்கும் கட்டவுட்டுக்கும் ஒரே நாளில் சேருகிற காசு, இரண்டு பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடனாகப் போகாதா? பிள்ளை மாதம் மாதம் திருப்பித் தரட்டும், அதே காசு அடுத்த பிள்ளைக்குப் போகட்டும்.

பாவித்தது வாங்குகிறவர்கள் விண்டோஸில் பெட்டரி ரிப்போர்ட் எடுத்து, ஆரம்பக் கொள்ளளவையும் இப்போதையதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மொடல் இலக்கத்தை இன்பொக்ஸில் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். காசு கட்டிய பிறகு அனுப்பி "எப்படி சேர்?" என்று மட்டும் கேட்காதீங்க.