இரக்கம் மட்டும் போதுமா?



திண்டுக்கல் பேருந்து நிலையம் அருகே வெள்ளைக்கோலுடன் நின்ற ஓர் அக்காவின் கையைப் பற்றி, ஒரு வார்த்தையும் கேளாமல், சாலையைக் கடக்க வைத்தேன். "நான் தோழிக்காக அல்லவா அங்கே காத்திருந்தேன், தங்கச்சி!" என்று அவர் சிரித்தபோது வெட்கிப் போனேன். இரக்கம் மட்டும் போதாது என்று அன்று உணர்ந்தேன்.

பின் எதுதான் வேண்டும்? சென்னையைச் சேர்ந்த பினோ செபைன் அவர்களின் வாழ்க்கை விடை கூறுகிறது. முற்றிலும் பார்வையற்ற அவர், லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளியில் பயின்றார். தாயார் நூல்களை வாசித்துக் காட்டினார். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் கணினி மென்பொருளும் துணை நின்றது. 2015-ஆம் ஆண்டில், இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்றவர் என்ற பெருமை பெற்றார். வாசித்தது தாய், சிந்தித்தது மகள்!

தேர்வில் பார்வையற்றவருக்காக எழுதுபவரும் அப்படித்தான். அவர் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும். பிழையென்று தெரிந்தாலும் திருத்தலாகாது. அப்போதுதான் விடையும் மதிப்பெண்ணும் அவருடையவை ஆகும். தன்னம்பிக்கை பிறப்பதும் அங்கேதான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இத்தகைய உதவியைச் சலுகையாக அன்றி உரிமையாகவே கருதுகிறது. நாமோ இன்னும் "ஐயோ பாவம்" என்கிறோம்.

தோழியரே, இனி முதலில் கேட்போம்: "அக்கா, உதவி வேண்டுமா?" வேண்டுமென்றால் நம் முழங்கையை நீட்டுவோம், அவரே பற்றிக்கொள்ளட்டும். வழியை அவர் சொல்லட்டும். நாம் உடன் நடப்போம்.