குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போகுமுன் எங்கள் மேசைக்கு வரட்டும்

விழுப்புரம், திண்டிவனம் நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களாகிய எங்கள் சங்கத்துக்குப் புதிய தலைவர் பொறுப்பேற்றிருக்கிறார். சால்வைகள் போர்த்தி முடிந்தன. இந்தப் பதவிக்காலத்தில் சங்கம் எதற்காக நிற்கும் என்பதைப் பொதுமக்களுக்கும் அரசுக்கும் தெரிவிக்கவே இந்த அறிக்கை.

அரசு வழக்கறிஞர் காவல்துறையின் ஆள் என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் போகவில்லை. அது தவறு என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிக்குப் பாலியல் தொல்லை கொடுத்த வழக்கில், சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்தவருக்கு விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் 2023 ஜூன் 16 அன்று 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. காவல்துறைக்குக் கட்டுப்பட்ட வழக்கறிஞரால் அப்படியொரு வழக்கை நடத்த முடியுமா? உதவி அரசு வழக்கறிஞர்களைக் காவல்துறையின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஷஹானே வழக்கில் 1995லேயே சொல்லிவிட்டது.

தலைவர் முதலில் கையில் எடுத்திருப்பது குற்றப்பத்திரிகை. இன்றைய நிலையில் செஷன்ஸ் வழக்கின் கட்டு பெரும்பாலும் விசாரணை தொடங்கும் நேரத்தில்தான் எங்களிடம் வருகிறது. மகஜரில் நேரம் விடுபட்டிருக்கும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிய தேதி இடிக்கும். அப்போது கண்டுபிடித்து என்ன பயன்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20ஆவது பிரிவு, காவல்துறையின் இறுதி அறிக்கையைப் பரிசீலிக்கும் வேலையைக் குற்றவழக்குத் தொடர்வு துணை இயக்குநருக்குத் தருகிறது. ஆனால் 7 ஆண்டு முதல் 10 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய வழக்குகளுக்கு மட்டும்! கொலை வழக்கு அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. செஷன்ஸ் விசாரணைக்குரிய எல்லா வழக்குகளுக்கும் இந்தப் பரிசீலனை வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

தமிழ்நாட்டிலிருந்து போன ஆர். சரளா வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்கு நினைவிருக்கிறது. யார் மீது குற்றம் சாட்டுவது என்பது புலனாய்வு அதிகாரியின் முடிவு. அதில் அரசு வழக்கறிஞர் தலையிட முடியாது. தலையிட நாங்கள் விரும்பவும் இல்லை. ஓட்டையைச் சுட்டிக்காட்டி ஒரு குறிப்பு எழுதுவோம். ஏற்பதும் தள்ளுவதும் ஆய்வாளரின் பொறுப்பு. குறிப்பு மட்டும் கோப்பில் இருக்க வேண்டும்.

நியமனம் பற்றியும் பேசியாக வேண்டும். நடுவர் நீதிமன்றங்களின் உதவி அரசு வழக்கறிஞர்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருகிறார்கள். செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு ஆட்சியர், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து தயாரிக்கும் பட்டியலிலிருந்து நியமனம். ஆட்சி மாறினால் இவர்களும் மாறுவார்கள் என்பது ஊரறிந்தது. இதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அந்த வழியில் வந்தவர்களும் எங்கள் உறுப்பினர்களே. ஆனால் சாட்சி விசாரணை பாதியில் நிற்கும் கொலை வழக்கு கைமாறக் கூடாது என்பதில் எல்லோரும் உடன்படுகிறோம். உத்தரப் பிரதேசத்தில் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் அத்தனை பேரையும் ஒரே உத்தரவில் நீக்கியதை உச்ச நீதிமன்றம் 1990இல் ரத்து செய்தது.

சாட்சிகளுக்கு நாங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறித் திண்டிவனம் வருகிறார். வந்த பிறகு வாய்தா என்றால் அடுத்த முறை அவர் வருவாரா? சாட்சி பிறழ்ந்தார் என்று புலம்புகிறோம்; அவர் ஏன் சலித்துப்போனார் என்று கேட்பதில்லை. வாய்தா உறுதியானால் முந்தின நாளே போனில் சொல்வதும், கூண்டேறுமுன் நடைமுறையை விளக்குவதும், சாட்சிப் படிக்கு மனு போடுவதும் இனி எங்கள் உறுப்பினர்களின் கடமை. இதற்கு அரசாணை தேவையில்லை. மிரட்டல் இருந்தால், 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க நாங்களே உதவுவோம்.

கடைசியாக, வழக்கைத் திரும்பப் பெறுவது. அரசு முடிவெடுக்கலாம், மனுவில் கையெழுத்து அரசு வழக்கறிஞருடையது. பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதி தரக் கூடாது என்று அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆவது பிரிவு இப்போது சொல்கிறது. கட்டைப் படிக்காமல் எங்கள் உறுப்பினர் எவரும் அந்த மனுவில் கையெழுத்திட மாட்டார். மறுத்த காரணத்துக்காக ஒருவருடைய பதவி பறிபோனால், சங்கம் தன் செலவில் உயர் நீதிமன்றத்தில் அவருக்காக வழக்காடும்.