கரை சேராத கப்பல்

ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதி இயக்கி 2009-ல் வெளிவந்த 'தி போட் தட் ராக்ட்' என்னும் ஆங்கிலப் படத்தை அண்மையில் பார்த்தோம். வட கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து இரவும் பகலும் ராக் இசை ஒலிபரப்பும் ஒரு கூட்டம். அதை ஒழித்தே தீருவதெனக் கங்கணம் கட்டிய ஒரு மந்திரி. விஷயம் நல்ல விஷயம். பிலிப் சீமோர் ஹாஃப்மன், பில் நைஹி போன்ற தேர்ந்த நடிகர்களும் உண்டு. இருந்தும் இரண்டேகால் மணி நேரம் கொட்டாவியோடு போராட வேண்டியதாயிற்று.

உண்மை வரலாறு இப்படத்தைவிடச் சுவையானது. பி.பி.சி. நிலையத்தார் இசைத்தட்டுக் கம்பெனிகளோடும் வாத்தியக்காரர் சங்கத்தோடும் செய்திருந்த உடன்படிக்கையின்படி, நாளொன்றுக்குச் சில மணி நேரமே இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாம். எந்நேரமும் தட்டே சுழன்றால் வாத்தியக்காரர் பிழைப்பில் மண் விழுமே என்பது சங்கத்தாரின் கவலை. அதில் நியாயமில்லை என்று யார் சொல்லக்கூடும்? ஆனால் பாட்டுக்கு ஏங்கிய இளைஞர்கள் காத்திருப்பார்களா? 1964 மார்ச்சில் ரோனன் ஒராஹிலி என்பவர், பிரிட்டிஷ் சட்டம் எட்டாத கடற்பரப்பில் 'ரேடியோ கரோலின்' கப்பலை நிறுத்தினார். விளம்பர வருமானத்தை நம்பி நடந்த தொழில் அது; வெறும் கலைத்தொண்டு என்று எண்ணிவிட வேண்டாம்.

படத்திலோ அந்த வாத்தியக்காரரின் கவலைக்கு இடமே இல்லை. மந்திரிக்குப் பாட்டென்றாலே வேம்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு வருகிறார், போகிறார். எதிராளியை இப்படிப் பொம்மையாக்கிய பின் கலகத்திற்கு மதிப்பேது? பெண்கள் பெரும்பாலும் கேளிக்கைக்காகக் கப்பலேறி வந்து போகிறவர்களே. 1966-ல் நடக்கும் கதையில் 1971-ல் வெளியான 'தி ஹூ' குழுவினரின் பாட்டு வேறு ஒலிக்கிறது!

இவற்றையெல்லாம் பொறுத்தாலும் முடிவைப் பொறுப்பதற்கில்லை. 1967 ஆகஸ்டில் கப்பல் வானொலிகளைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. ஆறேழு வாரங்களில், செப்டம்பர் 30-ல், பி.பி.சி.யே 'ரேடியோ ஒன்' என்னும் பாப் இசை நிலையத்தைத் துவக்கியது. அன்று காலை அதில் முதல் நிகழ்ச்சியை நடத்திய டோனி பிளாக்பர்ன், கரோலின் கப்பலில் பணியாற்றியவர்! விரட்டிய கையே அழைத்து ஆசனமளித்த இந்த வேடிக்கையை விட்டுவிட்டு, கப்பலை மூழ்கடித்துக் கதையை முடித்திருக்கிறார் இயக்குநர்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்ததுண்டு. 1952-ல் மந்திரியான கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்க, நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் சாய்ந்தனர். 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்தது. கொழும்பைப் பிடிப்பதற்காக ரேடியோப் பெட்டியின் முள்ளை நகர்த்திய தாத்தா, பாட்டி எவரேனும் வீட்டிலிருந்தால், இப்படத்திற்குச் செலவிடும் நேரத்தில் அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்கலாம்.