வெள்ளை இலைகள் பொய்யல்ல

நம் தமிழ்த்துறை நடத்திய ஒளிப்படக் கண்காட்சியில், வண்டலூர்க் காட்டோரத்து வேப்பமரங்களை மாணவர் ஒருவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இடம்பெற்றிருந்தது. வானம் கருத்திருக்க, இலைகளோ பனி படர்ந்தாற்போல் வெளுத்திருந்தன. கண்ணுற்ற பெரியவர் ஒருவர், "வேப்பிலை வெள்ளையாகவா இருக்கும், தம்பி? இது கணினியில் செய்த பொய்" என்று கூறி நகர்ந்தார். மாணவர் முகம் வாடிற்று. அப்படம் பொய்யன்று என்பதே நம் துணிபு.

1800இல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த ஒளியில் வெப்பமானிகளை வைத்து, சிவப்புக்கு அப்பாலும் வெப்பம் ஏறக் கண்டார். அக்கதிரையே அகச்சிவப்பு என்கிறோம். (மேனாட்டுச் சொல்லுக்குச் 'சிவப்புக்குக் கீழ்' என்றே பொருள். அகமும் புறமும் கண்ட தமிழோ அகச்சிவப்பு, புறஊதா என இணை சேர்த்துக்கொண்டது. இத்துணிவு நமக்கு உவப்பே.) 1910இல் ராபர்ட் உட் அவ்வொளியில் எடுத்த நிலக்காட்சிப் படங்களை வெளியிட்டார். இலையின் பச்சையம் சிவப்பொளியை உண்கிறது, அகச்சிவப்பை உண்பதில்லை. இலையினுள் உள்ள செல்களும் காற்றிடைவெளிகளும் அதனைச் சிதறடித்துத் திருப்பியனுப்புகின்றன. எனவே பசிய இலை அங்கு ஒளிர்கின்றது.

டிஜிட்டல் கேமராவின் சிலிக்கான் உணரி இவ்வொளியையும் காணவல்லது. நிறம் திரியுமென்று அதன்முன் தடுப்பொன்று பொருத்துவர். அது முற்றும் தடுப்பதில்லை. தொலைக்காட்சி ரிமோட்டைப் பல கேமராக்களின் முன் அழுத்தினால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் மின்னக் காணலாம். நம் மாணவர் 720 நானோமீட்டர் வடிகட்டியை லென்சில் மாட்டி, முக்காலியில் நிறுத்தி, நல்ல வெயிலில் பல நொடிகள் ஒளி ஏற்றினார். வடிகட்டி கண்ணுக்குக் கன்னங்கரேலென இருப்பதால், மாட்டுமுன்பே குவியம் பார்த்துவிட வேண்டும். காற்றில் இலைகள் கலைந்து கெட்ட படங்கள் பல. கடற்காற்று எழுமுன் எடுத்த ஒன்றே தேறியது.

செந்நிறமாய் விழுந்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியது கைவேலையன்றோ எனலாம். அகச்சிவப்புக்கு நம் கண்ணறிந்த நிறம் ஏது? அச்செந்நிறமே கேமராவின் கற்பனை. ஒளியின் மிகுதி குறைவை மட்டும் கூறும் கறுப்பு வெள்ளையே அதனினும் நேர்மையானது.

1970இல் பிஷாரோட்டி குழுவினர் கேரளத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் எடுத்து, வேர்வாடல் நோயுற்ற மரங்களைப் பிரித்தறிந்தனர். 1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளும் பயிர்வளத்தை அண்மை அகச்சிவப்பிலும் நோக்கியது. பொய்ப்படத்தை நம்பியா அவர்கள் அங்ஙனம் செய்தனர்?

பச்சையெல்லாம் வெளுக்கச் செய்யும் கணினி நிரல்கள் இன்று உண்டு. அவை பசிய இலையையும் பச்சைச் சாயம் பூசிய கதவையும் ஒன்றாகவே வெளுக்கும். பெரியவரின் ஐயம் அவற்றுக்குப் பொருந்தும். ஆயின் நம் படத்தின்கீழ் வடிகட்டி இன்னது, ஒளியேற்றிய நேரம் இவ்வளவு என ஒருவரி எழுதத் தவறியது துறையின் குற்றம். மாணவர் பழி சுமக்க நேர்ந்தது. அடுத்த கண்காட்சியில் அம்மரங்களின் இயல்பான வண்ணப்படத்தையும் அருகில் வைத்து, குறிப்பெழுதி, அப்பெரியவரையே முதலில் அழைக்க எண்ணியுள்ளோம்.