ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தொழில் ஏது?

மாதுங்காவிலிருந்து அன்பர் ஒருவர் நமக்குக் கேள்வியொன்று அனுப்பியிருக்கிறார். அவருடைய தங்கையின் மகனுக்கு வயது ஐந்து. பிள்ளையைப் பரிசோதித்த டாக்டர் ‘ஆக்குபேஷனல் தெரபி’ தேவை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாராம். தமிழில் இதனைத் தொழில்வழிச் சிகிச்சை என்கின்றனர். “பாலர் வகுப்புப் பிள்ளைக்குத் தொழில் ஏது? இவனுக்குப் படிப்பு வாராது, கைத்தொழிலாவது பழகட்டும் என்று முடிவு கட்டிவிட்டார்களா?” என்று தங்கை அழுதுகொண்டிருக்கிறாளாம்.

அந்த அம்மையாரின் அச்சத்தைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பெயர் அப்படி அமைந்துவிட்டது. முதல் உலகப் போரில் காயமுற்ற சிப்பாய்களுக்கு நெசவும் தச்சும் கொடுத்துக் கையையும் மனத்தையும் தேற்றிய காலத்தில் இம்முறை அமெரிக்காவில் வேரூன்றிற்று. 1917இல் அங்கே இதற்கென ஒரு சங்கமும் தோன்றியது. ஆனால் இங்கே தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலையன்று; ஒருவர் அன்றாடம் தாமே செய்துகொள்ள வேண்டிய காரியங்கள் அனைத்துமாகும். பிள்ளைக்கு அவை யாவை? உண்பது, உடுத்துவது, பல் துலக்குவது, விளையாடுவது, எழுதுவது. பிசியோதெரபி என்னும் இயன்முறைச் சிகிச்சை காலும் கையும் வலுப்பெற்று அசைவதைப் பெரிதும் நோக்கும். இதுவோ, அந்தக் கை சட்டைப் பொத்தானைப் போடுகிறதா, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிறதா என்று பார்க்கும்.

இந்தக் கல்விக்கு இந்தியாவில் வித்திட்ட ஊர் நாம் பிழைக்க வந்த இந்தப் பம்பாயே என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவிற் பிறந்து, இந்தியரை மணந்து இங்கே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார், 1950இல் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அகில இந்தியச் சங்கமும் அமைந்தது. தாதருக்கும் பரேலுக்கும் நாள்தோறும் ரயிலில் போய்வருகிற நாம், அந்தக் கட்டடத்தைக் காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் மட்டுமே நினைத்திருக்கிறோம்.

சிகிச்சை எப்படி நடக்கும் என்பதற்கு நமது குடியிருப்பிலேயே ஓர் உதாரணம் உண்டு. பையனுக்கு ஆறு வயது. வாய் ஓயாமல் கதை சொல்வான். எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்தில் கை வலிக்கிறது என்பான். பள்ளியில் சோம்பேறி என்றார்கள். தகப்பனார் இரண்டு அடி வைத்தார். “இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், தானே சரியாகிவிடும்” என்றார் பாட்டியார். ஏறக்குறைய ஓராண்டு இப்படியே கழிந்தது.

கடைசியில் சிகிச்சையாளரிடம் போனார்கள். அவர் முதலில் பென்சிலைக் கையிலேயே கொடுக்கவில்லை. வீட்டில் எங்கே உட்கார்ந்து எழுதுகிறான் என்று கேட்டார். பெரியவர்களுடைய நாற்காலியில், கால்கள் தொங்கும். காலுக்கடியில் ஒரு பலகை வைக்கச் சொன்னார். உடல் நிலையாக ஊன்றாதபோது கைவிரல் நுண்ணிய வேலைக்கு இசையாது என்பது அவர் விளக்கம். பிறகு ஈரத்துணி பிழிவது, பச்சைப் பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, துணிக்கிளிப்புகளைக் கொடியில் மாட்டுவது என்று வீட்டு வேலையாகவே சொல்லியனுப்பினார். தாயாருக்கு ஒரே கோபம். “இதற்காகவா கூட்டத்தில் இடிபட்டு லோக்கலில் வந்தோம்?” என்றார். ஆண் பிள்ளை மாவு பிசைவதா என்று பாட்டியார் தனியாக ஒரு போர் தொடுத்தார். அவ்வளவும் விரலுக்கும் உள்ளங்கைக்கும் வலுவூட்டும் பயிற்சி என்பது பிறகுதான் விளங்கிற்று.

பொத்தான் போடுவதுதான் பெரும்பாடாயிருந்தது. காலை ஏழே முக்கால் வண்டியைப் பிடிக்க வேண்டிய வீட்டில், பிள்ளை ஐந்து நிமிடம் ஒரு பொத்தானோடு போராடுவதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்? தாயார் அரை நிமிடத்தில் எல்லாவற்றையும் மாட்டி அனுப்பிவிடுவார். அதனால் பயிற்சியை மாலைக்கு மாற்றினார்கள். அப்போது பிடிக்க வேண்டிய வண்டி ஏதுமில்லை. மேலும் பொத்தானைப் போடுவதைவிடக் கழற்றுவது எளிது. கழற்றப் பழகிய பின், தாயார் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்து நிறுத்திவிட, மீதியை அவன் இழுத்தான். கடைசிப் படியை முதலில் கற்பித்துப் பின்னோக்கிப் போகும் முறை இது. ஒவ்வொரு தடவையும் முடித்த பெருமை பிள்ளைக்கே கிட்டுகிறது. இப்போது கழுத்துப் பொத்தான் ஒன்றைத் தவிர ஏனையவற்றை அவனே போட்டுக்கொள்கிறான்.

வாரத்தில் ஒரு மணி நேரம் சிகிச்சையாளரிடம். மீதி நேரமெல்லாம் வீட்டில். ஆகவே வீட்டார் கைகட்டிச் சற்றே பொறுத்திருக்காவிடில் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த காசு பெரும்பாலும் வீணே. அன்பினாலும் அவசரத்தினாலும் பிள்ளையின் வேலையை நாமே செய்துவிடுகிறோம். ஊரிலிருந்து கோடை விடுமுறைக்கு வரும் பாட்டி தாத்தாமார் இதில் கெட்டிக்காரர்கள். மூன்று மாதப் பயிற்சியை மூன்றே வாரத்தில் ஊட்டி ஊட்டிக் கரைத்துவிடுவார்கள்!

சில பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு விதம். குக்கர் விசில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு அலறும்; சட்டைக் காலரில் உள்ள துணிச்சீட்டு உறுத்துகிறதென்று சட்டையே வேண்டாம் என்னும். இவற்றைப் புலன்களை ஒருங்கிணைக்கும் ஆற்றலோடு தொடர்புபடுத்தி, 1972இல் அமெரிக்காவின் ஜீன் ஏயர்ஸ் அம்மையார் நூல் எழுதினார். ஊஞ்சல், கனத்த போர்வை, தூரிகை முதலியவை சிகிச்சைக் கூடங்களில் இருப்பதன் காரணம் இதுவே. எனினும், இம்முறையின் பலனுக்கு ஆராய்ச்சிச் சான்று போதிய அளவில் இல்லையென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் எச்சரித்தது. பிள்ளை எந்தக் காரியத்தைச் செய்யவேண்டுமோ அதையே குறிவைத்துப் பழக்குவதற்குச் சான்று வலுவாக உள்ளது. எனவே, “மூன்று மாதத்தில் எந்தக் காரியத்தைப் பிள்ளை தானே செய்வான்?” என்று முதல் நாளே கேளுங்கள். பதில் சொல்லாமல், ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கும் இடத்தில் அவசரப்பட்டுப் பணம் கட்டவேண்டாம். பட்டம் பெற்றவரா என்று விசாரிப்பதும் மரியாதைக் குறைவன்று. 2021ஆம் ஆண்டுச் சட்டம் இத்துறையினரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது.

கட்டணம் கட்ட இயலாதவர்கள் அரசு, மாநகராட்சி ஆஸ்பத்திரிகளை நாடலாம். 2013 முதல் மத்திய அரசின் திட்டமொன்றின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்டத் தொடக்கநிலைச் சிகிச்சை நிலையங்களுக்கு அனுப்புகின்றனர். “இந்த ஆண்டு எப்படியும் மாற்றலாகிவிடும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒத்திப்போடும் குடும்பங்களை நாம் பல கண்டிருக்கிறோம். மாற்றல் வரலாம், வாராமலும் போகலாம். பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

மாதுங்கா அன்பருக்கு இன்னும் ஒன்று. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என மும்மொழி கலந்ததால்தான் மருமகன் பின்தங்கினான் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பல மொழி கேட்டு வளர்வதால் இக்குறை உண்டாவதில்லை. தங்கை தமிழிலேயே பேசி, தமிழிலேயே எண்ணி, மகனுடன் பட்டாணி உரிக்கட்டும். முதல் முறை செல்லும்போது பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றையும், அவன் தினமும் அணியும் சட்டையையும் கையோடு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.